வயிற்று நீரில் தொற்று: ரத்தப் பரிசோதனை மட்டும் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. நான்கு வருடமாகக் கல்லீரல் சுருக்கம். இரண்டு முறை வயிற்றிலிருந்து நீர் எடுத்திருக்கிறார்கள். மூன்று நாளாகச் சோர்ந்து கிடக்கிறார், இரவில் தூங்காமல் ஏதேதோ பேசுகிறார். காய்ச்சல் இல்லை. வெள்ளையணு 7,200. தொற்று, அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளில் சி.ஆர்.பி. 22, புரோகால்சிடோனின் 0.3. மறுபடியும் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) 1.9, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 68,000 என்பதால் ரத்தம் கசியுமோ என்று அம்மா பயப்படுகிறார். ரத்தப் பரிசோதனையே போதாதா? தூங்க ஏதாவது மாத்திரை கொடுக்கலாமா? - வாசகி, கும்பகோணம்

பதில்: போதாது. உடனே நீரை எடுக்கச் சம்மதியுங்கள் என்று உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். இதே கேள்வியைப் பல வீடுகளில் கேட்கிறார்கள் என்பதால் காரணங்களை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

கல்லீரல் சுருங்கியவர்களுக்குக் குடலில் குடியிருக்கும் ஈ.கோலை போன்ற கிருமிகள் குடல் சுவரைத் தாண்டி, வயிற்றில் தேங்கிய நீருக்குள் போய்விடும். குடலில் ஓட்டை எதுவும் விழ வேண்டியதில்லை. காய்ச்சலும் வயிற்று வலியும் வந்தே தீரும் என்றும் இல்லை. சிலருக்குக் குழப்பமான பேச்சோ, சிறுநீர் குறைவதோ மட்டும்தான் தெரியும். உங்கள் அப்பா விஷயத்தில் டாக்டர் சந்தேகப்பட்டது அதனால்தான்.

சரி, ரத்தம் ஏன் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை? முதலில் வெள்ளையணு. இந்த நோயில் மண்ணீரல் வீங்கி, அணுக்களைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். பிளேட்லெட் குறைவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். போன வருட ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அதில் 2,800 இருந்திருந்தால், இன்றைய 7,200 அவருக்கு இரண்டரை மடங்கு ஏற்றம். லேப் தாளில் அது 'நார்மல்' என்றுதான் அச்சாகியிருக்கும். பழைய ஃபைலைக் கையோடு கொண்டு போங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

சி.ஆர்.பி. கதை இன்னும் வேடிக்கை. அந்தப் புரதத்தைத் தயாரிப்பதே கல்லீரல்தான். கல்லீரல் தளர்ந்தால் தொற்று வந்தாலும் அது மற்றவர்களுக்கு ஏறும் அளவுக்கு ஏறாமல் போகலாம். தொற்றே இல்லாமல், கல்லீரல் அழற்சியாலேயே கொஞ்சம் கூடியும் இருக்கலாம். 22-ஐ வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு சொல்ல முடியாது.

புரோகால்சிடோனின் இவற்றைவிட நம்பகமானது. கிருமித் தொற்று ஏற்பட்ட சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். 0.5-க்கு மேல் போனால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். ஆனால் தொற்று வயிற்றிலா, நுரையீரலிலா, சிறுநீரிலா என்று அது சொல்லாது. 0.5-க்குக் கீழே இருப்பதாலேயே வயிற்றில் தொற்று இல்லை என்று விட்டுவிடவும் முடியாது.

வயிற்று நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு நியூட்ரோபில் அணுக்கள் (கிருமியோடு போராடும் ஒருவகை வெள்ளையணு) 250 அல்லது அதற்கு மேல் இருந்தால் தொற்று என்று எடுத்துக்கொண்டு, கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவோம். அணு எண்ணிக்கை சில மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். கல்ச்சருக்கான நீரைப் படுக்கை அருகிலேயே, ரத்த கல்ச்சர் பாட்டிலில் ஊற்றச் சொல்லுங்கள். கிருமி பிடிபடும் வாய்ப்பு கூடும்.

அம்மாவின் பயம் நியாயமானது. ஆனால் கல்லீரல் நோயில் ஐ.என்.ஆர். ரத்தக் கசிவைச் சரியாகக் காட்டாது. உறைய வைக்கும் புரதங்கள் குறையும்போது, உறைவதைத் தடுக்கும் புரதங்களும் சேர்ந்தே குறைகின்றன. நீர் எடுப்பதால் பெரிய ரத்தக் கசிவு ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. இந்த அளவுகளுக்கு முன்கூட்டியே பிளாஸ்மா ஏற்றவும் வேண்டியதில்லை. ஆபத்து தாமதத்தில்தான் இருக்கிறது. 12 மணி நேரத்துக்குள் நீரை எடுத்தவர்களைவிட, அதைத் தாண்டி எடுத்தவர்களிடம் இறப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தொற்று உறுதியானால் ஆன்டிபயாடிக்கோடு ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் ஏற்றுவார்கள். முதல் நாள் கிலோவுக்கு 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு முதல் நாளே 90 கிராம். 20 கிராம் பாட்டில் என்றால் நாலைந்து ஆகும். விலையைக் கேட்டுத் தயங்காதீர்கள், சிறுநீரகம் செயலிழக்காமல் காப்பது அதுதான். 48 மணி நேரம் கழித்து மறுபடி நீர் எடுத்துப் பார்க்கலாம். புரோகால்சிடோனினும் சி.ஆர்.பி.யும் அப்போது உண்மையிலேயே கைகொடுக்கும். இரண்டும் இறங்குகின்றனவா என்று பார்த்து, மருந்து கேட்கிறதா என்பதை ஓரளவு கணிக்கலாம்.

அப்புறம், தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். அது குழப்பத்தை ஆழமாக்கி மயக்கத்தில் கொண்டு விட்டுவிடும். உடம்பு வலிக்கிறது என்றால் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் பக்கமும் போகாதீர்கள். அல்சருக்கு மாத்திரை, நீர் பிரிய மாத்திரை என்று வீட்டில் எதைச் சாப்பிடுகிறாரோ, அந்த அட்டைகளையெல்லாம் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.