கையெழுத்தும் செபமாலையும்

அன்புள்ள தம்பி,

நான் இளைப்பாறிய ஆசிரியை. லண்டனில் இருக்கும் என் மகள் பேரனைக் கத்தோலிக்கப் பாடசாலையில் சேர்க்கப் பார்க்கிறாள். ஞானஸ்நானச் சான்றிதழ் போதாதாம். ஒழுங்காகப் பூசை காண்கிறார்கள் என்று பங்குச் சுவாமி படிவத்தில் கையெழுத்திட வேண்டுமாம். அவரோ ‘உங்களை எனக்குத் தெரியாதே’ என்றுவிட்டார். மகள் மாதமொருமுறை தூரத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்குத்தான் போகிறாள். இங்குள்ள சுவாமியிடம் கடிதம் வாங்கி அனுப்பலாமா? விசுவாசத்தை அளக்க இவர்கள் யார்?

— ஒரு வாசகி, இளவாலை

அன்புள்ள ரீச்சர்,

கடிதத்தை நம்பியிருக்க வேண்டாம். இடத்தைவிட விண்ணப்பம் கூடினால்தான் அங்கே இந்தப் படிவத்துக்கு வேலை. விதி பாடசாலைக்குப் பாடசாலை மாறும். மகள் வாசித்துப் பார்க்கட்டும். ஆரம்பப் பாடசாலைக்கு ஜனவரி 15 கடைசி நாள்.

‘அளக்க இவர்கள் யார்’ என்றீர்களே, அதுதான் சுட்டது. காலமெல்லாம் இடாப்புக் கூப்பிட்டவர் நீங்கள். வராத பிள்ளைக்கு வரவு போட்டீர்களா? காணாததைக் கண்டேன் என்று எழுத மறுத்த மனிதரிடம் என்ன கோபம்?

சில நாட்களாக யோசேப் வாஸ் அடிகளாரே என் நினைவில் நிற்கிறார். 1687இல் அவர் கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கையில். கத்தோலிக்கக் குருவுக்குத் தடை. பிச்சைக்காரராக வீடு வீடாகப் போனார், கழுத்தில் செபமாலையோடு. அதைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று பார்ப்பார். உங்கள் அயலூரான சில்லாலையில் அவரை ஏந்திக்கொண்டார்கள். யோசித்துப் பாருங்கள்: தாம் யாரென்று சனத்துக்குக் காட்ட வேண்டியிருந்தது குருவுக்கு! சனமோ கத்தோலிக்கர் என்று தெரிந்துவிடுமோ என்று பயந்து கிடந்தது. இன்று அதையே தாளில் எழுதித் தரும்படி சண்டை பிடிக்கிறோம். 2015இல் பாப்பரசர் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக்கியபோது கைதட்டியதோடு நம் கடமை முடிந்ததா?

என் அம்மம்மா ஒரு ஞாயிறு பூசைக்கு வராவிட்டால் திங்கட்கிழமை படலையில் சுவாமியின் சைக்கிள் நிற்கும். ஒருமுறை, அம்மாவோடு பிடித்த சண்டையில் போகாமல் விட்டார். மறுநாள் சைக்கிள் மணி கேட்டதும் போர்வையை இழுத்து மூடிக் காய்ச்சல்காரியானார். சுவாமி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு, கோவிலின் முதல் வாங்கில் அம்மம்மா.

அந்தச் சுவாமி கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டிருப்பார். லண்டன் சுவாமிக்கு உங்கள் மகளின் படலை எங்கே என்று தெரியாது. தமிழ்ப் பூசையை விடச் சொல்லவில்லை; மற்ற ஞாயிறுகளில் வீட்டுக்குப் பக்கத்துக் கோவிலுக்குப் போகட்டும். கையெழுத்துக்காகப் போவது பாவமோ என்று மகள் கேட்டால், அம்மம்மா அன்று முதல் வாங்குக்கு எதற்காகப் போனார் என்று கேளுங்கள்.

பூசை முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல் வாசலில் நின்று, தன் பெயரையும் பேரன் பெயரையும் சுவாமியிடம் சொல்லட்டும். நம் பெயர்கள் ஒரு வாரத்தில் அவர் வாயில் நுழையாது. மறு ஞாயிறும் சொல்லட்டும்.