டைம்டேபிள் மூணு நாள்ல நின்னுபோகுதுன்னா பையன திட்டுறதுக்கு முன்னாடி அந்த பேப்பர ஒருதடவ பாருங்க

அம்மா, பையன் போட்ட படிப்பு டைம்டேபிள்னு நீங்க அனுப்பின போட்டோவ பெருசு பண்ணி பாத்தேன். காலைல 4:30க்கு எந்திரிக்கிறது, 5ல இருந்து 7 வரைக்கும் மேத்ஸ், ஸ்கூல் விட்டு வந்து கொஞ்ச நேரம் ரெஸ்ட், அப்புறம் 5:30க்கு உக்காந்தா ராத்திரி 10:30 வரைக்கும் ஒரு சப்ஜெக்ட் மாத்தி இன்னொரு சப்ஜெக்ட், ஞாயித்துக்கிழமைக்கும் அதே கட்டம்தான், நாலு கலர் ஸ்கெட்ச், அடில கோடு போட்டு "இந்த தடவ கண்டிப்பா". பாக்க ரொம்ப அழகா இருக்கு. மூணு நாள்ல விட்டுட்டான்னு வருத்தப்படுறீங்க, எனக்கென்னவோ மூணு நாள் எப்படி ஓட்டினான்னுதான் ஆச்சரியமா இருக்கு.

"இவனுக்கு மன உறுதியே இல்ல, எதுலயும் ஆரம்ப சூரத்தனம்தான்"னு எழுதியிருந்தீங்க. கொஞ்சம் பொறுங்க, முதல்ல ஒரு கணக்கு போடுவோம். வாரத்துக்கு 168 மணி நேரம், அதுக்கு மேல யாருக்கும் ஒரு நிமிஷம் கூட அதிகமா கிடையாது. தூக்கம் ஒரு நாளைக்கு 8ன்னு வெச்சா 56 போச்சு. ஸ்கூலு, போக வர நேரம் சேத்து ஒரு நாளைக்கு 8, ஆறு நாளைக்கு 48. குளிக்க, சாப்பிட, துணி எடுத்து வைக்க, சும்மா நாலு வார்த்த பேச எல்லாம் சேத்து தினமும் 3, அது 21. ட்யூஷன் வாரத்துக்கு 6ன்னு நீங்களே சொன்னீங்க. எல்லாத்தையும் கழிச்சா மிச்சம் 37. பையன் போட்டிருக்கிறது தினமும் 7, வாரத்துக்கு 49. ட்யூஷனுக்குனு அந்த பேப்பர்ல ஒரு கட்டம் கூட இல்ல, அது வேற விஷயம்.

இருக்கிறது 37, செலவு எழுதியிருக்கிறது 49. அந்த 12 மணி நேரம் எங்கிருந்து வந்துச்சு? 10:30க்கு மூடி வெச்சு 4:30க்கு எந்திரிச்சா ஆறு மணி நேரத் தூக்கம், அங்கிருந்துதான் உருவியிருக்கான். 13ல இருந்து 18 வயசுப் பிள்ளைங்களுக்கு 8ல இருந்து 10 மணி நேரம் தூக்கம் வேணும்னு அமெரிக்க தூக்க மருத்துவ அகாடமி 2016லயே சொல்லிருச்சு. பகல்ல படிச்சது மனசுல படியிறதுக்கு ராத்திரித் தூக்கம் வேணும், அதையே வெட்டி படிக்கிற நேரமாக்கினா ஒரு கையால ஊத்தி இன்னொரு கையால இறைக்கிற கதைதான். நாலாவது நாள் அலாரத்த அமுத்திட்டு தூங்கினான்னு சொன்னீங்களே, அது சோம்பல் இல்லங்க, உடம்பு அசல கேட்டு வந்து நிக்குது.

இன்னொண்ணு, "விடியக்காலைல படிச்சாதான் ஏறும்"னு நம்ம எல்லாருக்கும் ஒரு எண்ணம். சிலருக்கு ஏறும். ஆனா வளர்ற வயசுல உடம்போட கடிகாரமே கொஞ்சம் பின்னால தள்ளிப்போகும், ராத்திரி தூக்கம் லேட்டாதான் வரும், காலைல லேட்டாதான் தெளியும். அதனால 4:30ங்கிறத ஒரு விரதம் மாதிரி பிடிச்சுக்க வேணாம். எந்த நேரத்துல இவனுக்கு மண்டை தெளிவா இருக்குன்னு கண்டுபிடிச்சு அந்த நேரத்துல கஷ்டமான சப்ஜெக்ட்ட வெக்கணும், அவ்ளோதான்.

இப்படி ஆகாத கணக்க போடுறது உங்க பையன் மட்டும்னு நினைக்காதீங்க. படிச்சவங்க, பெரியவங்க எல்லாருமே இதுல சறுக்குறவங்கதான். ஒரு வேலைக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு கேட்டா மனுஷன் எப்பவும் குறைச்சுதான் சொல்லுவான்னு 1979ல டேனியல் கானமன், ஏமோஸ் ட்வர்ஸ்கின்னு ரெண்டு உளவியல்காரங்க எழுதினாங்க. 1994ல ரோஜர் பியூலர்னு ஒருத்தரும் அவர்கூட ரெண்டு பேரும் கடைசி வருஷ மாணவர்கள்கிட்ட "உங்க ஆய்வுக் கட்டுரைய எத்தன நாள்ல முடிப்பீங்க"ன்னு கேட்டாங்க. சராசரியா 34 நாள்னு சொன்னாங்க. சரி, எல்லாமே கோணலா போச்சுன்னா? 49 நாள்னாங்க. உண்மைல ஆனது 55 நாளுக்கும் மேல. அதாவது மோசமா போனா இவ்ளோதான் ஆகும்னு யோசிச்சு சொன்னதையும் தாண்டிப்போச்சு. டைம்டேபிள் போடும்போது நம்ம கண்ணு முன்னாடி வர்ற பையன் களைச்சுப்போகாதவன், தலைவலி வராதவன், வீட்டுக்கு யாருமே வராதவன். அப்படி ஒரு பையன் எந்த வீட்லயும் கிடையாது.

அதனால நான் சொல்றது என்னன்னா, இந்த வாரம் டைம்டேபிளே வேணாம். நிஜமாதான் சொல்றேன். ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு பெரியவங்க சொன்னாங்கல்ல, நாம அளக்காமலே போட்டுட்டு இருக்கோம். ஒரு பழைய நோட்ட எடுத்து கடைசிப் பக்கத்துல எத்தன மணிக்கு உக்காந்தான், எத்தன மணிக்கு எந்திரிச்சான், நடுவுல என்ன முடிஞ்சுதுன்னு மூணே விஷயம் ஏழு நாளைக்கு அவனே எழுதட்டும். நீங்க எழுதாதீங்க, எழுதினியான்னு கேக்கவும் கேக்காதீங்க. போன் பாத்தா போன் பாத்தேன்னு எழுதணும், அதுக்கு திட்டு கிடையாதுன்னு முன்னாடியே சொல்லிருங்க, இல்லனா உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒரு பொய்க் கணக்கு வரும், அத வெச்சு நாம ஒண்ணும் பண்ண முடியாது. உக்காந்த நேரமும் படிச்ச நேரமும் வேற வேறன்னு ஏழாவது நாள் அவனுக்கே தெரிஞ்சிரும், நாம சொன்னா ஏறாது.

ஒரு வாரம் ஆச்சா, இனிமே மிச்சத்த அவன்கிட்டயே பேசிடுறேன், இத அப்படியே அவன்கிட்ட கொடுங்க.

தம்பி, உன்னோட 37 மணி நேரத்துல 24, 25க்கு மேல பிளான் போடாத. மிச்சம் சும்மா இருக்கட்டும். "அவ்ளோதானா, பத்தாதே"ன்னு தோணும். 49 எழுதி 15 படிக்கிறதுக்கு 24 எழுதி 22 படிக்கிறது மேல்னு நீயே ஒத்துக்குவ. அதோட வாரத்துக்கு ரெண்டு கட்டம், ஒவ்வொண்ணும் ஒன்றரை மணி நேரம், காலியா விடு. ஒண்ணு வாரத்து நடுவுல, ஒண்ணு கடைசில. இது கடன் கட்டுற நேரம். செவ்வாய்க்கிழமை காய்ச்சல்னு பிசிக்ஸ் விட்டுப்போச்சுன்னா புதன்கிழமை தலைல அத ஏத்தாத, ஏத்தினா புதன் கெடும், புதன் கெட்டா வியாழன் கெடும், வெள்ளிக்கிழமை நீ அந்த பேப்பரையே கிழிச்சுருவ. அந்த காலிக் கட்டத்துக்கு தள்ளு, அங்கயும் இடம் இல்லனா விட்ரு, எது முக்கியமோ அது மட்டும் அந்தக் கட்டத்துக்குப் போகட்டும். கடன் ஒண்ணும் இல்லனா அந்த ஒன்றரை மணி நேரம் உன்னோடது, விளையாடப் போ, அதுல எதையும் புதுசா சொருகாத.

அப்புறம் "5 - 7 மேத்ஸ்"னு எழுதினா அதுக்கு என்ன அர்த்தம்? புக்க திறந்து எங்க ஆரம்பிக்கலாம்னு புரட்டுறதுலயே 20 நிமிஷம் போகும். "இன்டெக்ரேஷன், 12 கணக்கு, விடைய பாக்காம"ன்னு எழுது. முடிஞ்சுதா இல்லையான்னு ஆமா இல்லனு பதில் சொல்ற மாதிரி இருக்கணும். எப்ப ஆரம்பிக்கிறதுங்கிறதையும் மணியோட மட்டும் கட்டாம ஒரு செயலோட கட்டு, "வீட்டுக்கு வந்து முகம் கழுவினதும் கெமிஸ்ட்ரி நோட்ட திறப்பேன்"ங்கிற மாதிரி. பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியல்காரர் 1999ல இத பத்தி விரிவா எழுதினார், இது நடந்தா அது செய்வேன்னு முன்னாடியே முடிவு பண்ணி வெச்சவங்க வெறுமனே படிக்கணும்னு நினைக்கிறவங்கள விட நெறைய முடிக்கிறாங்க. காரணம் சிம்பிள்தான், அந்த நேரத்துல படிக்கலாமா வேணாமான்னு மனசுக்குள்ள பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்ல.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். உன் பேப்பர்ல புதுசா படிக்கிறதுக்கு மட்டும்தான் கட்டம் இருக்கு, ரிவிஷன் பூரா கடைசி மாசத்துல குவிஞ்சு கிடக்கு. ஹெர்மன் எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன்காரர், 1885ல புத்தகம் போட்டார், அர்த்தமே இல்லாத எழுத்துக் கூட்டங்கள தானே மனப்பாடம் பண்ணி எவ்ளோ நாள்ல மறக்குதுன்னு தன்னையே வெச்சு அளந்தார். ஒரு நாள்ல மிஞ்சினது கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. நீ படிக்கிறது அர்த்தம் உள்ள பாடம், அவ்ளோ வேகமா போகாது, ஆனா போற திசை அதேதான். அதனால ஒரு சாப்டர் முடிச்சா மறுநாள் 15 நிமிஷம், நாலு நாள் கழிச்சு 15 நிமிஷம், ரெண்டு வாரம் கழிச்சு ஒரு அரை மணின்னு முதல்ல ரிவிஷனுக்கு கட்டத்த போடு, மிஞ்சின இடத்துலதான் புதுப் பாடம். இடைவெளி எவ்ளோங்கிறது பரீட்சை எவ்ளோ தூரத்துல இருக்குங்கிறத பொறுத்தது. 2008ல வந்த ஒரு ஆராய்ச்சில டெஸ்ட் ஒரு வாரத்துலன்னா ஒரு நாள் இடைவெளி விட்டு திருப்பிப் பாத்தவங்களுக்கும், கிட்டத்தட்ட ஒரு வருஷம் தள்ளியிருந்தா மூணு வாரம் விட்டுப் பாத்தவங்களுக்கும் நல்லா நின்னுச்சு.

ரிவிஷன்னா திருப்பி வாசிக்கிறது இல்லப்பா. புக்க மூடு, வெள்ளப் பேப்பர்ல ஞாபகம் இருக்கிறத எழுது, அப்புறம் திறந்து எது விட்டுப்போச்சுன்னு பாரு. 2006ல ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு உளவியல்காரங்க காலேஜ் பசங்கள வெச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு குரூப் பாடத்த ரெண்டு தடவ படிச்சுது, இன்னொரு குரூப் ஒரு தடவ படிச்சிட்டு ஒரு தடவ பாக்காம எழுதுச்சு. 5 நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வெச்சா ரெண்டு தடவ படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு வெச்சா கதை தலைகீழ், எழுதிப் பாத்தவங்களுக்கு 56 சதவீதம் நினைவுல இருந்துச்சு, வாசிச்சவங்களுக்கு 42தான். திருப்பி வாசிக்கும்போது எல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருக்கும், அந்த சுகம்தான் ஏமாத்துறது. பாக்காம எழுதும்போது எரிச்சலா இருக்கும், ஒண்ணுமே வரலையேன்னு இருக்கும், பரவாயில்ல, அந்த எரிச்சலோடயே எழுது. அந்த நாலு கலர் ஸ்கெட்ச் பத்தியும் சொல்லிடுறேன், 2013ல ஜான் டன்லோஸ்கின்னு ஒரு உளவியல்காரரோட குழு பத்து படிப்பு முறைய எடுத்து எடை போட்டாங்க, புக்ல கலர் கோடு போடுறதும் திருப்பி வாசிக்கிறதும் கீழ வந்துச்சு, தன்னைத்தானே டெஸ்ட் பண்றதும் இடைவெளி விட்டுப் படிக்கிறதும் மேல வந்துச்சு. ஸ்கெட்ச்ச தூக்கிப் போட சொல்லல, வரையணும்னா வரை, அத படிச்ச நேரம்னு எழுதிராத.

25 நிமிஷம் படி 5 நிமிஷம் ரெஸ்ட் எடுன்னு எல்லாரும் சொல்றாங்களே அது சரியான்னு கேப்ப. பிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரர் 1980கள்ல காலேஜ் படிக்கும்போது தக்காளி மாதிரி இருந்த ஒரு டைமர வெச்சு தனக்காக கண்டுபிடிச்சது அது. ஆரம்பிக்கவே மனசு வராத நாளைக்கு அருமையா வேலை செய்யும். ஒரு பெரிய கணக்குல பாதி போயிட்டு இருக்கும்போது மணி அடிச்சா எரிச்சல்தான் வரும், மேத்ஸ்க்கு 45, 50 நிமிஷம் வெச்சுக்கோ. போன் மட்டும் வேற ரூம்ல இருக்கட்டும், மேசைல கவுத்து வெச்சேன்ங்கிறதெல்லாம் கணக்குல வராது. ஒரு வேலைய பாதில விட்டு இன்னொண்ணுக்கு தாவினா மனசுல ஒரு பங்கு பழையதுலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்னு 2009ல சோஃபி லெராய்னு ஒரு ஆராய்ச்சியாளர் காட்டியிருக்காங்க. ரெண்டு நிமிஷம் மெசேஜ் பாத்ததுக்கு ரெண்டு நிமிஷம் மட்டும் செலவுன்னு நினைக்காத.

அம்மா, மறுபடி உங்ககிட்ட வரேன். நீங்க செய்ய வேண்டியது கம்மிதான், செய்யாம இருக்க வேண்டியதுதான் ஜாஸ்தி. கதவ திறந்து திறந்து பாக்காதீங்க. "படிச்சியா"ன்னு கேட்டா "படிச்சேன்"னு சொல்லுவான், அதோட பேச்சு முடிஞ்சுது. அதுக்குப் பதிலா சாப்பிடும்போது "இன்னைக்கு படிச்சதுல ஒண்ண எனக்குப் புரியிற மாதிரி சொல்லேன்"னு கேளுங்க, உங்களுக்குப் புரியலனா இன்னும் நல்லது, அவன் திரும்ப விளக்கணும்ல. பக்கத்து வீட்டுப் பையன் எத்தன மணி நேரம் படிக்கிறான்ங்கிற பேச்சு வேணாம், அவன் படிச்ச நேரமா உக்காந்த நேரமான்னு உங்களுக்கும் தெரியாது, அவங்க அம்மாவுக்கும் தெரியாது. வாரத்துக்கு ஒரு நாள், ஒரு 20 நிமிஷம், அந்த பேப்பர நடுவுல வெச்சு எது நடந்துச்சு எது நடக்கல, அடுத்த வாரம் எதக் குறைக்கலாம்னு அவனே சொல்லட்டும், நீங்க கேட்டுக்கோங்க. கூட்டலாம்னு அவன் சொன்னா மட்டும் "ரெண்டு வாரம் பாத்துட்டு கூட்டலாமே"ன்னு தடுங்க.

முதல் வாரம் எழுதின அந்த நோட்ட மட்டும் தூக்கிப் போட்றாதீங்க. அதுல யாரும் சொல்லாம தானா போய் உக்காந்த சப்ஜெக்ட் எது, ஒவ்வொரு தடவையும் அரை மணி தள்ளிப்போட்ட சப்ஜெக்ட் எதுன்னு வரிசையா இருக்கும். அடுத்து எந்த கோர்ஸ் எடுக்கலாம்னு பேச வர்றப்போ மார்க் ஷீட்டோட அதையும் கொண்டு வாங்க, எனக்கு மார்க் ஷீட்ட விட அதுதான் முதல்ல வேணும்.