முதலில் மெர்போக் போங்கள்

வாசகர் கடிதம்:

வணக்கம் ஐயா. நான் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சேமநிதிப் பணத்தில் ஒரு பகுதியைப் பயணத்துக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடங்கள் என்று பிள்ளைகள் ஒரு நீண்ட பட்டியல் தந்தார்கள். மச்சு பிச்சு, எகிப்து பிரமிடுகள், அங்கோர் வாட், தாஜ்மகால் என்று போகிறது. எல்லாவற்றுக்கும் பணமும் போதாது, முழங்காலும் தாங்காது. இரண்டு மூன்று இடங்கள்தான் முடியும். வரலாறும் வேண்டும், மலை, காடு என்று கண்ணுக்கு நிறைவாகவும் வேண்டும். பினாங்கில் இருந்துகொண்டு பழைய இடங்களைப் பற்றி எழுதுகிறீர்கள். எதை முதலில் பார்ப்பது?

பதில்:

அன்புள்ள அம்மா,

பட்டியலில் உள்ளவை எல்லாமே பெரிய இடங்கள்தான். அங்கோர் நமக்குப் பக்கம், முடிந்தால் போய் வாருங்கள். மச்சு பிச்சுவை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். அதற்கு வழியான குஸ்கோ நகரமே ஏறக்குறைய 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த வயதில் மூச்சு வாங்கும், பிறகு படிகள் வேறு.

ஆனால் நீங்கள் கேட்டது முதலில் எதைப் பார்ப்பது என்று. தனித்தனியாக மூன்று அதிசயங்களைத் தேடாமல், ஒரே கதையின் இரண்டு கரைகளையும் பாருங்கள் என்பேன். அந்தக் கதை கடாரம், அதாவது பழந்தமிழில் கெடாவின் பெயர். ஒரு கரை இங்கே கெடாவில், இன்னொன்று சோழநாட்டில்.

கெடாவில் தொடங்குங்கள். பினாங்கிலிருந்து பாலத்தைக் கடந்து வடக்கே போனால் சுங்கைப் பட்டாணி, அங்கிருந்து மெர்போக். காரில் போவது நல்லது. போகும் வழியிலேயே ஜெராய் மலை தெரிய ஆரம்பித்துவிடும். 1,217 மீட்டர்தான், கினாபாலுவின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கடலோரச் சமவெளியிலிருந்து தன்னந்தனியாக எழுந்து நிற்பதால் வெகுதூரத்துக்குத் தெரியும். வங்கக் கடலைத் தாண்டிக் கிழக்கே வந்த மாலுமிகளுக்குக் கரை நெருங்கிவிட்டது என்று காட்டிக்கொடுத்த மலை இது. காற்று திசை மாறும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க மெர்போக் ஆற்று முகத்துவாரம் அவர்களுக்கு ஒதுங்கும் இடம். மெர்போக்கைச் சுற்றியுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் துறைமுகமும் வணிகமும் கோயில்களும் வளர்ந்ததற்கு இந்த மலையும் ஆறும் பருவக்காற்றும்தான் காரணம். நீங்கள் கேட்ட இயற்கையும் வரலாறும் இங்கே ஒன்றுக்குள் ஒன்று.

மலையடிவாரத்து அருங்காட்சியக வளாகத்தில் நாலு கோயில்களின் அடித்தளங்கள் இருக்கின்றன. மூன்றை வேறு இடங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து அடுக்கினார்கள். புக்கிட் பத்து பஹாட் கோயில் மட்டும் அது எழுந்த இடத்திலேயே, ஓடைக்கரையில் இருக்கிறது. 1930களில் குவாரிச் வேல்ஸ் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் தோண்டிப் பார்த்து, அகழ்விடங்களின் வரிசையில் எட்டாம் எண் கொடுத்தார். 1960இல் மீட்டுக் கட்டினார்கள். கருங்கல் மேடையும் படியும்தான் மிச்சம். அவசரப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள். முன்மண்டபத்தில் வரிசையாக உள்ள கல்பாதங்களைக் குனிந்து பாருங்கள், தூண் நின்ற இடங்கள் அவை. மேலே இருந்த மரமும் கூரையும் இந்த ஊர் மழையில் மக்கிப் போய்விட்டன. மண்டபம், கருவறை என்று அமைப்பைப் பார்த்ததுமே நம்மவர்களுக்குப் புரிந்துவிடும். அடித்தளத்துக்குள் புதைத்து வைத்திருந்த கல்பேழைகளும் கிடைத்தன. அப்புறம் இதே பள்ளத்தாக்கில் உள்ள சுங்கை பத்து அகழ்விடம். இரும்பு உருக்கிய உலைகள், துருத்திக் குழாய்கள், படகுத்துறைகள் எல்லாம் அங்கே வெளிப்பட்டிருக்கின்றன. அதன் காலம் குறித்து அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதைச் சீக்கிரம் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2013இல் இதே பள்ளத்தாக்கில் ஒரு கோயிலின் எச்சத்தை வீடு கட்டுவதற்காக இடித்துவிட்டார்கள். ஆயிரம் வருஷம் தாங்கியது ஒரு இயந்திரத்துக்குத் தாங்கவில்லை. நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அடுத்து அந்தக் கரை. 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மீது கடற்படை அனுப்பிய செய்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது. 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்று போகும் மெய்க்கீர்த்தியை வகுப்பில் நீங்களே நடத்தியிருப்பீர்கள். மெர்போக் ஓடையைப் பார்த்த கண்ணோடு அதைச் சுவரில் பாருங்கள். பிறகு அவன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம். அங்கே விமானத்தின் உயரத்தை அண்ணாந்து பார்ப்பதோடு விட்டுவிடாமல், வடக்கு வாயில் பக்கம் சிவன் சண்டேசர் தலையில் பூமாலை சுற்றும் சிற்பத்தின் முன்னால் நேரம் எடுத்து நில்லுங்கள். சண்டேசரின் குனிந்த தலையில் இருக்கும் பணிவை நான் வேறெந்தக் கல்லிலும் கண்டதில்லை.

படையெடுப்பு மட்டும்தான் கதை என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னால் ராஜராஜன் காலத்தில், கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே சோழர்கள் கொடையாகக் கொடுத்தார்கள். செப்பேடு இருக்கிறது. நாகப்பட்டினத்தில் நின்ற பழைய பௌத்தக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டுவிட்டது, அதைத் தேடி அலைய வேண்டாம். அந்த ஊரில் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஊர் திரும்பும் நாளில் ஒரு காலைப்பொழுதை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இடம் கேட்டால், சரவாக்கின் மூலு தேசியப் பூங்கா. மான் குகை வரை பலகைப்பாதை போட்டிருக்கிறார்கள், மெதுவாக நடந்தால் முழங்கால் தாங்கும். மழையில்லாத மாலையில் லட்சக்கணக்கான வௌவால்கள் வெளியேறுவதைப் பார்க்கலாம்.

ஜனவரி, பிப்ரவரியில் கெடாவில் மழை குறைவு, தமிழ்நாட்டிலும் வெயில் ஏறியிருக்காது. மெர்போக்கை ஜனவரியில் முடித்துக்கொண்டு பொங்கல் கூட்டம் கலைந்தபின் திருச்சிக்கு விமானம் ஏறுங்கள். தஞ்சையும் சோழபுரமும் அங்கிருந்து பக்கம்தான்.