எதிரே அடுக்குமாடி வந்தால் இரைச்சல் எவ்வளவு கூடும்?

வணக்கம். எதிரே பழைய ஹவுசிங் போர்டு வீடுகளை இடித்து அடுக்குமாடி வரப்போகிறது, அறிக்கையில் "போக்குவரத்து இரைச்சல் 2 டெசிபல்தான் கூடும்" என்கிறார்கள், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. டெசிபல் மடக்கைக் (log) கணக்கு, இரைச்சல் பல மடங்கானாலும் எண் கொஞ்சம்தான் ஏறும். அதே வேகம், அதே வகை வண்டிகள் என்றால், எண்ணிக்கை இரட்டித்தாலே 3தான் ஏறும். ஆக, 2 என்றால் வண்டிகள் ஏறக்குறைய 60 சதவீதம் கூடுகின்றன என்று அர்த்தம்! அப்படிக் கேட்டால்தான் உறைக்கும்.

அதைவிட முக்கியம், இப்போதே எவ்வளவு இருக்கிறது என்பது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு வரம்பு பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. மீட்டரை எங்கே, எத்தனை மணிக்கு வைத்தார்கள் என்று பாருங்கள். எங்கள் தெருவில் ஸ்கூல் வேன்களெல்லாம் போன பிறகு, காலை 11 மணிக்கு வந்து அளந்தார்கள். ராத்திரி யாரும் வரவே இல்லை.

கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் பரிவேஷ் (PARIVESH) என்ற மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி இணையதளத்தில் தேடலாம். போன் ஆப்பில் நீங்களும் படுக்கையறை ஜன்னலில் ஒரு வாரம் குறித்து வையுங்கள். அது சாட்சியாகாது, ஆனால் இரவிலும் முறையாக அளக்கச் சொல்லி மனு போட உதவும்.