பழி ஆன்டெனாவுக்கு, பிழை வேறிடத்தில்: வயர்லெஸ் பிரிட்ஜ் கேள்வி-பதில்

கேள்வி: இரண்டு கட்டடங்களைக் காற்றுவழியே இணைக்கும் வயர்லெஸ் பிரிட்ஜ் போட்டிருக்கிறோம். இணைப்பு வேகம் விநாடிக்கு 867 மெகாபிட் என்று கருவி காட்டுகிறது. ஆனால் கோப்பை நகலெடுத்தால் 94-ஐத் தாண்டுவதில்லை. ஆன்டெனாவை மாற்றிவிடலாமா?

மாற்றாதீர்கள். 867 என்பது காற்றில் ஓடும் வேகம். ஒரே சேனலில் இரு முனைகளும் மாறி மாறிப் பேசுவதால், கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதிதான். ஆனால் 94 என்ற எண்ணைக் கண்டாலே எனக்குக் கேபிள் மீதுதான் சந்தேகம் வரும். 100 மெகாபிட் போர்ட் வழியே கோப்பு போனால் மிஞ்சுவது அவ்வளவுதான். கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100-க்கு இரண்டு போதும். ஒரு ஜோடி கெட்டால் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நானும் ஒருமுறை பிற்பகல் முழுவதும் மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் கேபிள் முனையைப் பிடுங்கிப் பார்த்தால், எட்டுத் தகடுகளில் இரண்டில் பச்சைக் களிம்பு! மழைநீர் கேபிள் வழியே வழிந்து உள்ளே இறங்கியிருந்தது. கருவிக்குள் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் கீழே வளைத்து விட்டிருந்தால், நீர் அந்த வளைவிலேயே சொட்டிப் போயிருக்கும். இரு முனைகளிலும் ஸ்விட்ச் போர்ட் எந்த வேகத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: தூரம் 1 கிலோமீட்டர். எதிர்க்கட்டட ஆன்டெனா கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. நிறுவியபோது −50 dBm இருந்த சிக்னல் இப்போது −78-க்குப் பலவீனமாகிவிட்டது. ஏன்?

கண்ணுக்குத் தெரிந்தால் போதாது. ரேடியோ அலை நூல் பிடித்தாற்போலப் போவதில்லை, மிருதங்கம் போல நடுவில் பருத்துப் போகிறது. 5.5 கிகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டருக்கு, நடுப்பகுதியின் ஆரம் சுமார் 3.7 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது நேர்கோட்டைச் சுற்றி 2.2 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். பாதி வழியில் ஒரு மரம் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இலை ஈரமானால் இழப்பு இன்னும் கூடும். மரம் இல்லையென்றால், காற்றில் ஆன்டெனாவின் தாங்கி திரும்பியிருக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு முனையை மட்டும் திருப்புங்கள். சிக்னல் ஏறி இறங்கியதும் நிறுத்திவிட வேண்டாம், அது பக்கக் கதிராக, அதாவது ஆன்டெனா ஓரமாக வீசும் பலவீனமான கதிராக இருக்கலாம். இன்னும் தள்ளித் திருப்பினால் அதைவிட உயரமான உச்சம் கிடைக்கக்கூடும்.

கேள்வி: இரண்டு அலுவலகங்களையும் இணைத்த நாளிலிருந்து சில கணினிகளில் மட்டும் இணையம் வந்து வந்து போகிறது. சிக்னல் அருமையாக இருக்கிறது.

பிரிட்ஜ் போட்டதும் இரண்டு நெட்வொர்க்கும் ஒன்றாகிவிட்டன, ஆனால் இரு ரூட்டர்களும் தனித்தனியே ஐ.பி. முகவரி வழங்கிக்கொண்டிருக்கின்றன. கோளாறு கண்ட கணினியில் கேட்வே (இணையத்துக்கு வெளியேறும் வாசல்) முகவரியைப் பாருங்கள், அடுத்த கட்டட ரூட்டரைக் காட்டலாம். இரு ரூட்டர்களுமே 192.168.1.1 என்றால் குழப்பம் இரட்டிப்பு. ஒரு பக்க டி.எச்.சி.பி.யை (ஐ.பி. முகவரி வழங்கும் வசதியை) நிறுத்தி, அந்த ரூட்டரின் முகவரியையும் மாற்றினால் தீரும். ஆனால் என்னைக் கேட்டால், ஒரு பக்கத்தை 192.168.2 வரிசைக்கு மாற்றித் தனி நெட்வொர்க்காக்கி, இடையில் ரூட்டிங் வைப்பேன். ஒரு அலுவலகத்தின் பிராட்காஸ்ட் (எல்லாக் கருவிகளுக்கும் போகும் செய்தி) இரைச்சல் மற்றதற்குக் காற்றில் பயணம் செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: நாளில் சில முறை ஒரு நிமிடம் இணைப்பு அறுந்து தானாகவே வருகிறது. ஒவ்வொரு முறையும் சேனல் எண் மாறியிருக்கிறது.

ரேடார் சிக்னலைக் கேட்டதாகக் கருவி நினைக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸின் சில சேனல்களில் ரேடாருக்கு வழிவிட்டாக வேண்டும். அப்படிப்பட்ட புதிய சேனலுக்கு மாறினால், முதலில் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். அந்த ஒரு நிமிடம் இதுதான். உங்கள் நாட்டு விதி அனுமதிக்கும் வேறு சேனலுக்குப் போங்கள். நாட்டுக் குறியீட்டைப் பொய்யாக மாற்றும் குறுக்குவழி வேண்டாம்.

கேள்வி: அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பழைய ஃபைபரையும் பிடுங்காமல் விட்டோம். இரண்டு அலுவலகமும் உறைந்துவிட்டன.

சுழல் வளையம்: இரு வழிகளும் திறந்திருப்பதால் ஒரே செய்தி முடிவில்லாமல் சுற்றுகிறது. ஃபைபரைக் கழற்றுங்கள், உடனே மூச்சு வரும். மாற்றுவழியாக அது வேண்டுமென்றால், இரு ஸ்விட்ச்களிலும் ஸ்பேனிங் ட்ரீயை (வளையம் உண்டாகாமல் ஒரு வழியை அடைத்து வைக்கும் வசதியை) இயக்கிய பிறகு திரும்ப மாட்டுங்கள். பிரிட்ஜ் கருவிகள் ஸ்பேனிங் ட்ரீ செய்திகளை மறுபக்கம் கடத்துகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.