மரத்தை நெரிக்கும் இரும்புக் கூண்டை மரத்துக்குக் காயமில்லாமல் வெட்டி எடுப்பது எப்படி?

கன்றாக இருந்தபோது போட்ட கம்பிக் கூண்டு இப்போது மரப்பட்டைக்குள் புதைந்துகொண்டிருக்கிறது, நாங்களே வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டலாம். சென்னையில் எங்கள் தெருவிலும் பக்கத்து இரண்டு தெருக்களிலும் நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இந்த வேலையைச் செய்து வருகிறோம். கூண்டை அறுப்பது எளிது. எந்தக் கம்பியில் கை வைக்கக் கூடாது என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். அதை நாங்கள் ஒரு வேப்ப மரத்தைக் காயப்படுத்தித்தான் கற்றுக்கொண்டோம்.

அந்த வேம்பின் ஒரு பக்கம் இரண்டு கம்பிகளை முழுதாக விழுங்கியிருந்தது. மற்றதையெல்லாம் வெட்டிய பிறகு, இரும்பு உள்ளே இருந்தால் மரத்துக்கு ஆகாது என்று நினைத்து, கடப்பாரையை நுழைத்து நெம்பினோம். கம்பியோடு சேர்ந்து ஒரு முழ நீளத்துக்குப் பட்டை உரிந்து வந்துவிட்டது. உள்ளே வெள்ளையாக ஈரக்கட்டை தெரிந்தது. அந்தக் காயத்தின் இரு ஓரமும் உதடுபோலத் தடித்து வளர்ந்து ஒன்றுசேர இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கம்பியை அப்படியே விட்டிருந்தால் அந்த மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

காரணம் இதுதான். இலையில் தயாராகும் சர்க்கரை, பட்டையின் உள்பக்கம் உள்ள புளோயம் என்ற திசு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. அதை ஒட்டி மெல்லிய ஏடுபோல இருக்கும் கேம்பியம்தான் மரத்தைப் பருக்கச் செய்கிறது. வளையம் இறுக்கினால் இறங்கும் சர்க்கரை மேலேயே தேங்கும். அதனால்தான் வளையத்துக்கு மேலே மரம் புடைத்தும் கீழே ஒல்லியாகவும் தெரிகிறது. தண்ணீர் உள்கட்டை வழியாக ஏறிக்கொண்டே இருப்பதால் இலை பச்சையாகவே இருக்கும், நாமும் மரம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். வேர் பட்டினி கிடப்பது வெளியே தெரியாது. ஆக, நெரிக்கும் சுற்றை ஓரிரு இடத்தில் துண்டித்துவிட்டாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. பட்டைக்குள் போன கம்பியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் நறுக்கிவிட்டு, உள்ளே இருப்பதை அங்கேயே விடுங்கள். மரம் அதைச் சுற்றி வளர்ந்து மூடிவிடும்.

தெரு மரம் மாநகராட்சியுடையது, கூண்டும் பெரும்பாலும் அவர்களுடையது அல்லது யாராவது நன்கொடையாகக் கொடுத்தது. ஆகவே முதலில் உங்கள் வார்டு பூங்காத் துறையில் சொல்லி, எழுத்தில் ஒரு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை என்றால் 1913-இல் புகாராகவும் பதியலாம்.

அப்புறம், கூண்டைத் தொடுவதற்கு முன்பே டெஸ்டர் வைத்துப் பாருங்கள். நம் ஊரில் கேபிள் டிவி வயர், கடையின் விளக்கு வயர், தெருவிளக்கு வயர் எல்லாம் மரக்கூண்டில்தான் கட்டியிருக்கும். எங்காவது உறை உரிந்திருந்தால் கூண்டு முழுக்க மின்சாரம் பாயும். டெஸ்டர் எரிந்தாலோ, மின்வாரியப் பெட்டியை ஒட்டிக் கூண்டு இருந்தாலோ, மின்வாரியத்துக்குச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மழை பெய்த மறுநாளும் இந்த வேலை வேண்டாம். மரத்தில் முசுறும் குளவிக்கூடும் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பொறுத்தவரை, மெல்லிய வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) என்றால் 24 அங்குல போல்ட் கட்டர் போதும். தீப்பொறி இல்லை, சூடு இல்லை, மரத்துக்கு அதைவிட நல்ல கருவி கிடையாது. தடித்த கம்பிக்கும் இரும்புப் பட்டிக்கும், சுழலும் வீலால் இரும்பை அறுக்கும் 4 அங்குல கிரைண்டர் தேவைப்படும். பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் நல்லது, தெருவின் குறுக்கே வயர் இழுக்க வேண்டாம். அந்த மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று அளவில் சுழலும். கட்டிங் வீலில் அச்சடித்திருக்கும் வேகம் அதைவிடக் குறைவாக இருந்தாலோ, வீலில் சின்ன விரிசல் இருந்தாலோ அதைப் போடாதீர்கள், வெடித்துச் சிதறும். வீலை மூடியிருக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர்களைப் பட்டறைகளில் பார்த்திருப்பீர்கள். அதை மட்டும் பழகவே வேண்டாம். கண்ணாடி, முகத்தை மறைக்கும் ஷீல்டு, தோல் கையுறை, மூடிய செருப்பு, பருத்திச் சட்டை எல்லாம் வேண்டும். துப்பட்டாவோ தொங்கும் துண்டோ கூடாது. கூண்டு வெள்ளையாகப் பளபளக்கும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி என்றால், அறுக்கும்போது வரும் துத்தநாகப் புகை காய்ச்சல் வரவைக்கும். மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்று வரும் பக்கமாக நின்று அறுங்கள்.

வெட்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். மரத்தைச் சுற்றி வந்து, கம்பிக்கும் பட்டைக்கும் இடைவெளி அதிகம் உள்ள இடத்தில் தொடங்குங்கள். அங்கே ஒரு தகரத் துண்டைச் செருகி, அதன் பின்னால் லேசாக ஈரப்படுத்திய கோணியை வையுங்கள். தகரம் வீலைத் தடுக்கும், கோணி சூட்டையும் பொறியையும் தாங்கும். கீழே கிடக்கும் சருகை முழுதாகப் பெருக்கி, ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். தகரம் நுழையாத அளவுக்கு நெருக்கம் என்றால் கிரைண்டரை ஓரம் வைத்துவிட்டு, இரும்பு அறுக்கும் ஹாக்சா பிளேடை மட்டும் எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்து மெதுவாக அறுங்கள். ஒரு கம்பிக்குக் கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.

முக்கியமான ஒன்று. மரம் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்த இரும்பு முழுக்க இழுவிசையில் இருக்கிறது. கடைசி இணைப்பு விடும்போது சாட்டைபோல வெளியே தெறிக்கும். எங்களில் ஒருவருக்கு அப்படிப் பட்டு முன்கையில் தையல் போட்டோம். அன்று அவர் கண்ணாடி போடாமல் இருந்திருந்தால் என்று நினைத்தாலே பதறுகிறது. அதிலிருந்து, முதல் வெட்டுக்கு முன்பே கூண்டைச் சுற்றி மேலும் கீழும் கயிறு கட்டிவிடுகிறோம். பட்டியை வீலால் முழுதாக அறுக்காமல் ஒரு நூல் கனம் விட்டு, மீதியைப் பிளேயரால் முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோம். பிறகு கயிற்றை மெல்லத் தளர்த்தினால் கூண்டு தானாக விரிந்து கொடுக்கும். தரையில் நிற்கும் கால்களை அடியோடு நறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் நடப்பவர்கள் தடுக்கி விழுவார்கள்.

காயத்தில் தார், பெயின்ட், சாணம் எதுவும் பூச வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ என்ற ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து, மரம் காயத்தை ஆற்றுவதில்லை, உள்ளே சுவர் எழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று காட்டினார். மேலே பூசுவது அழுகலைத் தடுக்காது.

நெரித்த இடம் மிகவும் ஒடுங்கியிருந்தால் கூண்டை எடுத்ததும் மரத்தை மெதுவாக அசைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் வளைந்தால், இரண்டு முளை அடித்து அகலமான துணிப் பட்டையால் தளர்வாகக் கட்டி ஒரு பருவம் விட்டுவையுங்கள். பெரிய மரம் என்றால் நீங்கள் தொடாதீர்கள், பூங்காத் துறை ஆட்கள் வந்து பார்க்கட்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஒடுங்கிய இடத்தில்தான் காற்று முறிக்கும். அதனால் இந்த வேலையை ஆடி, ஆவணிக்குள், வடகிழக்குப் பருவமழைக்கு வெகு முன்பே முடித்துவிடுகிறோம்.

தெருவில் இன்னும் இறுகாத கூண்டுகள் இருந்தால் அவற்றையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மரத்துக்கும் கம்பிக்கும் நடுவே நான்கு விரல் நுழையவில்லை என்றால் அதைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் நட்டு போல்ட்டைத் திருகினாலே கையோடு வந்துவிடும்.