உலகம் வளர்கிறதாம், நாகல்கேணியில் ஏன் மெஷின் நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில், ஜனவரி 2026

கேள்வி: உலகப் பொருளாதாரம் 3 சதவீதத்துக்கு மேல் வளர்கிறது என்று பேப்பரில் போடுகிறார்கள். நாங்கள் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட். தீபாவளிக்குப் பிறகு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. அந்த வளர்ச்சியெல்லாம் எங்கே போகிறது சார்?
– வாசகர், நாகல்கேணி

பதில்: உங்கள் கடிதம் வந்த மறுநாளே பல்லாவரத்தில் இறங்கி உங்கள் பக்கம் வந்தேன். நான் நுழைந்த ஷெட் உங்களுடையதா என்று தெரியாது. பன்னிரண்டு மெஷினில் நாலுதான் ஓடியது, தைத்து முடித்த அப்பர்கள் ஜோடி ஜோடியாக ரப்பர் பேண்ட் போட்டு சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன, மேலே ஒரு அட்டையில் 42, 43 என்று சைஸ் மட்டும். "பையர் ஹோல்டு போட்டிருக்கார் சார், கேன்சலும் பண்ணலை, எடுக்கவும் இல்லை" என்றார் சூப்பர்வைசர். பீஸ் ரேட்டில் தைக்கிற பெண்களுக்கு ஹோல்டு என்றால் அந்த வாரம் சம்பளம் இல்லை, அவ்வளவுதான்.

ஐ.எம்.எஃப். எனும் சர்வதேச நிதியம் 2025 ஏப்ரலில் உலக வளர்ச்சி 2.8 சதவீதம்தான் என்றது, அக்டோபரில் அதையே 3.2 ஆக்கியது. இடையில் நடந்ததைப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். டிரம்ப் வரி போடப்போகிறார் என்று தெரிந்ததுமே அமெரிக்க வியாபாரிகள் வருஷ ஆரம்பத்திலேயே சரக்கை வாங்கி குடோனில் குவித்தார்கள். எவ்வளவு என்றால், இறக்குமதி எகிறியதாலேயே அந்த முதல் காலாண்டில் அமெரிக்க ஜி.டி.பி. (நாட்டுக்குள் உற்பத்தியானதன் மொத்த மதிப்பு) லேசாகச் சுருங்கியதாகக் கணக்கு வந்தது. அனுப்புகிற நாடுகளுக்கு அது வளர்ச்சி. அப்புறம் ஏ.ஐ.க்காக டேட்டா சென்டர் கட்டுவதில் அங்கே பணம் கொட்டுகிறது, அதுவும் வளர்ச்சி. ஆனால் முன்கூட்டியே வாங்கியவன் பின்னால் வாங்க மாட்டான், டேட்டா சென்டர் கட்டுகிறவனுக்கு ஷூ அப்பர் தேவையில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் நம் சரக்குக்கு 50 சதவீத கூடுதல் வரி வேறு, 2026 ஜனவரியிலும் அது அப்படியே இருந்தது. வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர்தான், ஆனால் அவர் உடனே திரும்பி "விலையில் குறை" என்று இங்கேதான் கேட்பார்.

சரி, ஐரோப்பா பக்கம் திரும்பலாமா என்றால், நம் தோல் சரக்கை நிறைய வாங்கும் ஜெர்மனி 2023, 2024 இரண்டு வருஷமும் சுருங்கிய பொருளாதாரம். ஐரோப்பிய மத்திய வங்கி 4 சதவீதமாக இருந்த வட்டியை 2025 ஜூனுக்குள் 2 ஆக்கிவிட்டது, ஜெர்மனி 50,000 கோடி யூரோவில் உள்கட்டமைப்பு நிதி என்று அறிவித்திருக்கிறது. அது முதலில் ரயில் பாதைக்கும் பாலத்துக்கும்தான் போகும். அந்த ஊர்க்காரர் கையில் கூலியாக வந்து, அவர் செருப்புக் கடைக்குள் நுழைய இன்னும் நாளாகும். 2026-இன் இரண்டாம் பாதியில் கொஞ்சம் அசைவு தெரியலாம் என்பது என் கணிப்பு, முதல் பாதியை நம்பிக் கடன் வாங்காதீர்கள். பிரிட்டனோடு 2025 ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, அது அமலுக்கு வந்தால் காலணிக்கு அங்கே வரி இருக்காது. உங்களுக்கு ஆர்டர் தரும் கம்பெனிக்கு பிரிட்டன் பையர் இருக்கிறாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

கேள்வி: டாலர் 90 ரூபாயைத் தொட்டதும் துபாயிலிருந்து மகன் அனுப்பும் பணமும் கூடிவிட்டது. இன்னும் ஏறும், காத்திரு என்கிறார்கள். காத்திருக்கலாமா?
– வாசகி, பெரம்பூர்

பதில்: 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் (துபாய்ப் பணம்) என்று கட்டி வைத்திருக்கிறார்கள் அம்மா, அதனால் டாலர் ஏறினால் திர்ஹமும் கூடவே ஏறும். 90 ரூபாய் டாலர் என்றால் திர்ஹம் சுமார் 24 ரூபாய் 50 பைசா. வீட்டுச் செலவுக்கான பணத்தை வைத்துக்கொண்டு ரேட்டுக்காகக் காத்திருக்காதீர்கள், மாதாமாதம் வரட்டும்.

கேள்வி: ஓ.எம்.ஆரில் அமெரிக்க வங்கி ப்ராஜெக்ட்டில் இருக்கிறேன். அங்கே மந்தம் வருமா? வீட்டுக் கடன் எடுக்கலாமா?
– வாசகர், பெரும்பாக்கம்

பதில்: மந்தம் என்று சொல்ல மாட்டேன், வேலைச் சந்தை சோர்ந்திருக்கிறது. அமெரிக்க மத்திய வங்கி 2025 செப்டம்பர், அக்டோபர், டிசம்பர் என்று மூன்று முறை வட்டியைக் குறைத்து 3.50–3.75 சதவீதத்துக்குக் கொண்டு வந்தது அதற்காகத்தான். விலைவாசி உயர்வு இன்னும் அவர்கள் விரும்பும் 2 சதவீதத்துக்கு மேலே நிற்கும்போதே குறைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நவம்பரில் வேலையின்மை 4.6 சதவீதம் என்று வந்தது. அரசு அலுவலகங்கள் 43 நாள் மூடிக் கிடந்ததில் அக்டோபருக்கு அந்தக் கணக்கே எடுக்கவில்லை, ஆகவே யார் அடித்துச் சொன்னாலும் கொஞ்சம் தள்ளியே வைத்துக் கேளுங்கள். கடன் எடுப்பதானால் ஆறு மாத இ.எம்.ஐ. தனியாக ஒதுக்கி வைத்த பிறகு எடுங்கள். அது முடியவில்லையா, சின்ன வீடாகப் பாருங்கள்.

கேள்வி: ரிச்சி தெருவில் எலக்ட்ரானிக் சாமான் கடை. சீன சரக்கு விலை குறைந்துகொண்டே வருகிறது. எத்தனை நாளைக்கு?
– வாசகர், சிந்தாதிரிப்பேட்டை

பதில்: சீனத் தொழிற்சாலை வாசல் விலை 2022 அக்டோபரிலிருந்து 2025 முடிய, வருஷத்துக்கு வருஷம் கணக்கில், இறங்கியபடியே இருந்தது. வீட்டு மனை வியாபாரம் படுத்ததில் அங்கே ஜனங்கள் செலவழிக்காமல் சேமிக்கிறார்கள், ஆலைகளோ ஓட்டத்தை நிறுத்தவில்லை, மிஞ்சியது வெளியே வருகிறது. 2025-இல் பதினோரு மாதத்திலேயே அவர்கள் வர்த்தக உபரி (இறக்குமதியைவிட ஏற்றுமதி கூடிய தொகை) ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அமெரிக்கா கதவைச் சாத்தச் சாத்த அது நம் பக்கம்தான் வரும், 2026-லும் விலை பெரிதாக ஏறாது என்றே நினைக்கிறேன். உங்களுக்கு ஒரு எச்சரிக்கை: விலை இறங்கும் காலத்தில் ஸ்டாக் அதிகம் பிடித்தால் நஷ்டம் உங்கள் தலையில். அதே பொருளை அம்பத்தூரில் செய்கிற சிறு பட்டறைக்காரரை நினைத்தால்தான் எனக்கு மனசு கனக்கிறது, அவருக்கு இந்த விலையில் தகரம்கூட வாங்க முடியாது.

கேள்வி: ஜப்பான் வட்டி ஏற்றினால் நமக்கென்ன?
– வாசகர், மாதவரம்

பதில்: அங்கே மலிவாகக் கடன் வாங்கி உலகம் முழுக்க முதலீடு செய்தவர்கள் அதை விற்றுவிட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட ஓடுவார்கள். 2024-இல் அப்படி வட்டி ஏற்றிய சில நாளில், ஆகஸ்ட் 5 அன்று ஜப்பான் பங்குச் சந்தை ஒரே நாளில் 12 சதவீதம் விழுந்தது, நம் சென்செக்ஸும் 2,200 புள்ளி இறங்கியது. 2025 டிசம்பரில் வட்டி 0.75 சதவீதம் ஆனபோது அப்படி எதுவும் ஆகவில்லை, முன்பே சொல்லிவிட்டு ஏற்றினார்கள்.

கேள்வி: ஓய்வு பெற்றவன். எஃப்.டி. முதிர்ந்து புதுப்பிக்கப் போனால் வட்டி குறைந்துவிட்டது என்கிறார்கள். மறுபடி ஏறுமா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: கிட்டத்தில் ஏறாது ஐயா. ரிசர்வ் வங்கி 2025 ஒரே வருஷத்தில் ரெப்போவை (வங்கிகளுக்கு அது தரும் கடனுக்கான வட்டியை) 6.5-லிருந்து 5.25 ஆக்கியது, அந்த அக்டோபரில் விலைவாசி உயர்வு 0.25 சதவீதம் என்று வந்த பிறகு ஏற்றுவதற்குக் காரணமும் இல்லை. முதியோர் சேமிப்புத் திட்டத்தில் 2026 மார்ச் வரை 8.2 சதவீதம் என்று அறிவித்தார்கள், 30 லட்சம் வரை போடலாம், ஐந்து வருஷத்துக்கு அதே வட்டி. உங்கள் பக்கத்துத் தபால் நிலையத்திலேயே போடலாம், ஆதாரும் பான் கார்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.